நடந்ததை மட்டும் எழுதச் சொன்ன எஸ்தரம்மா

தபால்காரர் அந்த அட்டையைக் கையில் கொடுத்தபோது பதுளைக் கடைத்தெருவில் என் மகனுடைய கடை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். கொஸ்லந்தவிலிருந்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் தேவசகாயம் எழுதியிருந்தார். இங்கிலீஷில் நான்கே வரி. “என் மனைவி செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தாள். கடைசிவரை தெளிவாகப் பேசினாள். உங்களையும் விசாரித்தாள்.”

இங்கிலீஷில் எது வந்தாலும் முதலில் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். அன்றும் தொட்டேன். நான்கும் நடந்து முடிந்தவை, ஒன்றிலும் குற்றமில்லை. அந்த வழக்கத்தை எனக்கு உண்டாக்கியவரே போய்விட்டார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது. அறுபத்தைந்து வயதுக் கிழவன் கடைத்தெருவில் உட்கார்ந்து அழுதால் நாலு பேர் கூடத்தான் செய்வார்கள். கூடினார்கள்.

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களிலும் கொஸ்லந்தவிலும் எஸ்தரம்மாவை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிலருக்கு அவர் உங்கள் பிள்ளைகளின் டீச்சர். சிலருக்கு மருந்துக்கார ஐயாவின் சம்சாரம். எனக்கு அவர் என்ன செய்தார் என்பதை இதுவரை நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி அந்த மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது கணக்கப்பிள்ளை. விடியும்போது பெரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்பி, பின்னாலேயே போய் வேலை வாங்குவது என் உத்தியோகம். பழைய துரை நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். சாயங்காலம் பங்களா வாசலில் நின்று அன்றைய வேலையை வாயால் சொன்னால் போதும். அவர் சீமைக்குப் போனார், புதுத் துரை வந்தார். வந்த முதல் வாரமே ஓர் உத்தரவு போட்டார். தினமும் ரிப்போர்ட் எழுத்தில் வேண்டும், அதுவும் இங்கிலீஷில் வேண்டும்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் துரைமார் என்னைப் பார்த்துச் சொன்ன இங்கிலீஷ். கம், கோ, பிரிங், கட். இருபது வருஷத்தில் ஏவலைத் தவிர வேறெதுவும் என் காதில் விழுந்ததில்லை. அந்த ஏவலையே எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். “டுடே பிளக் நம்பர் போர். டுடே கட் நம்பர் சிக்ஸ்.” துரை அதை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு அப்போது தமிழ் கொஞ்சம்தான் வரும். வந்த தமிழ் போதுமானதாக இருந்தது.

“கணக்கப்பிள்ளே, இங்கே யாரு தொரை? கொழுந்து எடுத்தாச்சா, எடுக்கப் போறதா, இல்லே நான் போய் எடுக்கணுமா?”

பங்களா சமையற்காரன் ஜன்னலுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது. மறுநாள் ஆட்கள் குடியிருக்கும் லயமெல்லாம் அதுவே பேச்சு.

மருந்துச்சாலைக்குப் போய் தேவசகாயத்திடம் முறையிட்டேன். அவர் நல்ல மனிதர், பெருமையடிக்கத் தெரியாதவர். “என் இங்கிலீஷ் மருந்துப் போத்தலோட சரிங்க. மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பொறகு, அவ்வளவுதான். இவகிட்டக் கேளுங்க. மிஷன் பள்ளிக்கூடத்துல ஏழு வருஷம் படிச்சவ” என்று உள்ளே கை காட்டினார். உள்ளே ஒரு சின்னப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எனக்கு நாற்பத்து மூன்று. தலைப்பாகை, கோட்டு, குடை எல்லாம் சேர்த்தால் இன்னும் பத்து வயது கூடும்.

“எழுதத் தெரியுமாங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எழுத்து தெரியும்மா. எழுதத்தான் தெரியாது.”

எஸ்தரம்மா சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணை நான் ‘அவள்’ என்று நினைத்ததுகூட இல்லை.

கொழுந்து நிறுத்து முடிந்ததும், இருட்டுவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம் எங்கள் பாடம். அவர் வீட்டு முன்புற இஸ்தோப்பில் நான் ஒரு முக்காலியில், அவர் படியில், மருந்துக்கார ஐயா நாற்காலியில் செய்தித்தாளோடு. கூடையோடு லயத்துக்குத் திரும்பும் பெண்கள் அந்தப் பாதையாகத்தான் போக வேண்டும். பகலெல்லாம் என்னிடம் பேச்சு வாங்கியவர்கள் சும்மா போவார்களா? “ஐயா, பாடம் ஒப்பிச்சுட்டீங்களா? டீச்சரம்மா முட்டி போட வைக்கலையா?” என்பார்கள். “நாளைக்குத்தான் முட்டி. இன்னைக்குத் தோப்புக்கரணம்” என்று எஸ்தரம்மா அவர்களோடு சேர்ந்துகொள்வார்.

புத்தகம் கிடையாது. “இன்னைக்கு என்ன செஞ்சீங்க, சொல்லுங்க” என்று ஆரம்பிப்பார். நான் தமிழில் சொல்லுவேன். ஆட்களைக் கூப்பிட்டேன், மலைக்கு நடந்தேன், ஒருத்தனைத் திட்டினேன், கொழுந்து நிறுத்தேன். அதில் ஒவ்வொரு வினையையும் இங்கிலீஷில் வைத்து, நடந்து முடிந்ததைக் காட்ட ஒரு வால் ஒட்டச் சொல்லுவார். வாக் என்றால் வாக்ட். பிளக் என்றால் பிளக்ட். வீட் என்றால் வீடட். ஆகா, இவ்வளவுதானா இங்கிலீஷ் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ட வினைக்கெல்லாம் வால் ஒட்டிக்கொண்டு மறுநாள் வந்து நின்றேன். “ஐ கோட். ஐ கம்ட். ஐ செண்டட். ஐ கட்டட்.” அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. மருந்துக்கார ஐயா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோ என்பது நேற்றைக்கு வென்ட் என்றும், கம் என்பது கேம் என்றும், கட் மட்டும் இன்றைக்கும் நேற்றைக்கும் அதே கட் என்றும் அவர் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன பாஷைம்மா இது, ஒரு ஒழுங்குமுறை வேணாமா?” என்று குடையைத் தரையில் தட்டினேன்.

“உங்க தமிழ் மட்டும் என்னங்க ஒழுங்கு? ‘செய்’னா செஞ்சேன். அப்ப ‘போ’வுக்குப் போஞ்சேன்னா சொல்றீங்க? போனேங்கறீங்க. ‘வா’வுக்கு வந்தேன். ‘நில்லு’க்கு நின்னேன். ‘சா’வுக்குச் செத்தேன். இதையெல்லாம் யாரு உங்களை முக்காலியில உக்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தா?”

நாற்பத்து மூன்று வருஷமாக வாயில் இருந்த சொற்களை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தின்றேன், கண்டேன், கேட்டேன், தந்தேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தமிழில் இத்தனையும் அறியாமலே படித்தவனுக்கு இங்கிலீஷில் நாற்பது வராதா என்று ஒரு தைரியம் பிறந்தது. கோபமும் அன்றோடு போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்யவில்லை என்று எழுதும்போது ‘டிட் நாட்’ என்று போட்டுவிட்டால் பின்னால் வரும் வினைக்கு வால் கூடாதென்றார். நான் அங்கேயும் ஒட்டிக்கொண்டே இருந்தேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள், “ஒரே மலைக்கு ரெண்டு கங்காணியை அனுப்புவீங்களா?” என்று கேட்டார். “எதுக்கும்மா? சண்டைதான் வரும்.” “அதேதாங்க. டிட் வந்து நின்னுட்டாரில்ல, அவரு பாத்துக்குவாரு. மத்தவரு வீட்டுக்குப் போகலாம்.” அதற்குப் பிறகு அந்தப் பிழையை நான் செய்ததில்லை. அவரவர் தொழிலை வைத்தே சொல்லிக்கொடுக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

மூன்றாம் மாதம் துரை என் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு “குட்” என்றார். ஒரு சொல்தான். அதைத் தூக்கிக்கொண்டு நான் பங்களாவிலிருந்து வீடுவரை பறந்தேன் என்றே சொல்லலாம். அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுச் சுவரில் கரியால் ‘ஐ ஏட், ஐ பேத்ட்’ என்று எழுதி வைத்தேன். என் மனைவி என்ன எழுத்து என்று கேட்டாள். சாப்பிட்டேன், குளித்தேன் என்று அர்த்தம் சொன்னேன். “சோறு போட்டவ நான், தண்ணி காயவச்சவ நான். எனக்குத் தெரியாதா? சுவத்தைத் தொடைங்க” என்றாள். துடைத்தேன்.

இதுவரை சொன்னது என் பெருமை. இனிச் சொல்வது என் வெட்கம்.

ரிப்போர்ட் எழுதுவதில் கணக்கப்பிள்ளைகள் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பங்களா இரண்டு மைல் மேலே. வேலை முடிந்து, நனைந்து, திரும்பவும் அந்த ஏற்றத்தை ஏற யாருக்கும் மனம் வராது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தபால் பை பங்களாவுக்குப் போகும். அதோடு ரிப்போர்ட்டையும் அனுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது. துரை சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் பையைத் திறப்பார். ஆகவே பெரட்டுக்களத்திலேயே, ஆட்கள் மலைக்கு ஏறுவதற்கு முன்பே, அன்றைய வேலை முழுவதும் நடந்து முடிந்ததாக எழுதிவிடுவோம். கொழுந்து எடுத்தார்கள். மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டினார்கள். நாலு மணிக்குத் திரும்பினார்கள். சொன்ன வேலை எப்படியும் நடக்கத்தானே போகிறது? பெரும்பாலும் நடக்கவும் செய்தது. இங்கிலீஷ் சரியாக வராதவரை நான் இதில் தயங்கினேன். எஸ்தரம்மா புண்ணியத்தில் வால் ஒட்டக் கற்றதும் எல்லோரையும்விட வேகமாக எழுதினேன்.

ஒருநாள் தபால் பைக்கு முன் ஒரு சொல்லில் சந்தேகம் வந்து, ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு முற்றத்தில் இறங்கி வெயிலைப் பார்த்தார்.

“இப்ப மணி என்ன இருக்குங்க?”

“பதினொண்ணு இருக்கும்மா.”

“நாலு மணிக்குத் திரும்பினாங்கன்னு எழுதியிருக்கீங்க.”

“திரும்பிடுவாங்கம்மா.”

“இதுல பிழை ஒண்ணும் இல்லீங்க. ஆனா இது பொய்.” தாளை மடித்து என் கையில் வைத்தார். “நடந்ததை மட்டும் எழுதுங்கன்னுதானே சொல்லிக்கொடுத்தேன்? நடக்காததுக்கு இந்த வாலை ஒட்டுறதா இருந்தா இனிமே என்கிட்டக் கொண்டு வராதீங்க.”

எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. எல்லாக் கணக்கப்பிள்ளையும் செய்கிற காரியம், மலையில் கால் வைக்காத ஒரு சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. முன்கூட்டி எழுதுவதையும் நிறுத்தவில்லை.

அது ஐப்பசி மழைக்காலம். நான்கு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நம்பர் மலையில் கான்கள் மண்ணடைத்துக் கிடந்தன. பெரட்டுக்களத்தில் ராக்கன் கங்காணியையும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரையும் அதைத் துப்புரவாக்க அனுப்பினேன். மழை நாளில் மூன்று மணிக்கு இறக்கிவிடுவது வழக்கம். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அங்கேயே எழுதினேன். ஒன்பதாம் நம்பரில் ஆறு பேர் கான் வெட்டினார்கள். மூன்று மணிக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டுக்குத் தாள் பையோடு போயிற்று. இரண்டு மணிக்கு நான் வீட்டுக்குப் போய் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டேன். மலையில் நின்று ஆட்களை இறக்க வேண்டியது என் கடமை. நான் அடுப்போரம் இருந்தேன்.

நாலு மணி சுமாருக்கு நிலம் உறுமியது. என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டாள். வெளியே வந்து பார்த்தால் மேலே பச்சையாக இருந்த மலையில் சிவப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அடிவாரத்தில் ஒரு லயத்தின் பின்சுவரும் விழுந்திருந்தது. தோட்டம் முழுவதும் அங்கே ஓடியது. பிள்ளைகளை மேட்டுப் பக்கம் ஏற்றிவிட்டு, அரை மணி கழித்து நானும் ஓடப் புறப்பட்டபோது ராக்கனுடைய மனைவி தலையில் கம்பளியோடு என் வாசலுக்கு வந்தாள்.

“ஐயா, எங்க வீட்டுக்காரரு வரலீங்க. ஆறு பேருமே வரல. ஸ்டோருல போய்ச் சொன்னேன். ஒம்பதாம் நம்பர்ல யாருமில்ல, எல்லாம் மூணு மணிக்கே எறங்கிட்டாங்கன்னு தொரை சொல்றாராம். ஒங்க கடுதாசியில இருக்காம். நீங்க எறக்கிட்டீங்களாங்க?”

துரை என் எழுத்தை நம்பி ஆட்கள் அத்தனை பேரையும் விழுந்த லயத்துக்கு அனுப்பியிருக்கிறார். ஒன்பதாம் நம்பருக்கு ஒருவரும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். வீடு போகும். மூன்று பெண்களையும் ஒரு பையனையும் வைத்துக்கொண்டு எந்தத் தோட்டத்தின் வாசலில் போய் நிற்பேன்? அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் நினைத்தேன். இன்றும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வழியில் மருந்துச்சாலை. தேவசகாயம் அடிபட்டவர்களைப் பார்க்க லயத்துக்குப் போயிருந்தார். எஸ்தரம்மா துணி கிழித்துக் கட்டுப்போடச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாகப் பேசாதவன் நனைந்துகொண்டு போய் நின்றேன். நின்று என்ன கேட்டேன் தெரியுமா? “அம்மா, ரிப்போர்ட்டை மாத்தணும். எனக்குக் குத்தம் வராத மாதிரி ஒரு வரி எழுதித் தாங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. நான் சொன்னேனே என்றும் சொல்லவில்லை. “எழுத நேரமில்லீங்க. ஆறு பேரு மேல இருக்காங்க. வாங்க, போய் வாயால சொல்லுவோம்” என்று குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார். தேயிலை பதப்படுத்தும் ஸ்டோர் வரைக்கும் முக்கால் மைல். பாதையில் முழங்கால் தண்ணீர். இரண்டு முறை நான் நின்றேன். இரண்டு முறையும் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு காத்து நின்றார்.

துரை ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்காக எஸ்தரம்மா பேசுவார் என்று அவரைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். “நீங்கதான் சொல்லணும். நீங்கதான் எழுதுனீங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். காலையில் எழுதினேன். அவர்கள் திரும்பவில்லை. நான் பார்க்கவில்லை.

ஏன் தமிழில் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் வாய் திறந்திருந்தால் மழை, குளிர், வயிற்று வலி, தபால் பை, மற்ற கணக்கப்பிள்ளைகள் என்று எல்லார்மேலும் பழி போட்டிருப்பேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு நிறைய உண்டு. இங்கிலீஷில் எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் தெரியும், சாக்குச் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான் அவர் கற்றுக்கொடுத்திருந்தார்.

துரையின் முகம் சிவந்தது. ஆனால் என்னைத் திட்டுவதில் அவர் நேரத்தைக் கழிக்கவில்லை. விழுந்த லயத்தில் மண்வெட்டியோடு நின்ற அத்தனை ஆட்களையும் ஒன்பதாம் நம்பருக்குத் திருப்பினார். நானும் ஏறினேன். வெளிச்சம் மங்குவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம். பழைய காலத்துக் கோப்பி ஸ்டோரின் இடிந்த சுவர் ஒன்று அங்கே உண்டு. மண் சரிந்தபோது ஆறு பேரும் அதன் மறைவில் ஒதுங்கியிருக்கிறார்கள். பாதை போய்விட்டது. இரண்டு பக்கமும் சேறு. ராக்கனின் கால்மேல் ஒரு கல் கிடந்தது. மேலேயிருந்து மண் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் கயிறு கட்டி ஆறாவது ஆளை இழுத்துக் கரையேற்றிக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவரும் போயிற்று. அதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம்.

மறுநாள் துரை என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். மறுபடியும் எஸ்தரம்மாவிடம்தான் போனேன். தாழ்மையுடன் என்றும் மன்றாடுகிறேன் என்றும் நாலு வார்த்தை சேர்த்துத் தரும்படி கேட்டேன். “நடந்ததை நடந்த வரிசையில எழுதுங்க. கும்பிடு போடணும்னா நேர்ல போய்ப் போடுங்க. தாள்ல வேணாம்” என்றார். பதினொரு வரி எழுதினேன். அடுப்போரம் உட்கார்ந்ததையும் எழுதினேன். அவர் எழுத்துக்களை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

துரை அதை நின்றபடி வாசித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து முடியும்வரை என்னைக் கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து இறக்கி, ஆட்களோடு மலையில் நிற்கச் சொன்னார். வேலை போகவில்லை, வீடும் போகவில்லை. கவ்வாத்து முடிந்ததும் பழைய இடத்தைத் திரும்பக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் கடைசி ஆள் இறங்கும்வரை ஒரு ரிப்போர்ட்டும் பங்களாவுக்குப் போகக்கூடாது என்று ஆயிற்று. மற்றக் கணக்கப்பிள்ளைகள் என்னைச் சபித்தார்கள். சபிக்கட்டும் என்று விட்டேன்.

ராக்கன் காலில் கட்டோடு மருந்துச்சாலையில் ஆறு வாரம் கிடந்தார். அவரைப் பார்க்கப் போக எனக்கு முகமில்லை. எஸ்தரம்மாதான் கஞ்சிப் பாத்திரத்தை என் கையில் கொடுத்து உள்ளே தள்ளிவிட்டார். ராக்கன் என்னைப் பார்த்ததும், “வாங்கய்யா, மூணு மணிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களாமே. வந்தது யாருன்னு எம் பொண்டாட்டி தேடிக்கிட்டிருக்கா” என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. கஞ்சியைக் குடிக்க வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு தேவசகாயத்துக்குக் கொஸ்லந்தவுக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே எஸ்தரம்மா தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். வருஷத்துக்கு ஒருமுறையாவது போய்வருவேன். போனதும் “இந்த வருஷம் என்ன செஞ்சீங்க?” என்றுதான் கேட்பார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தேன், கொஞ்சம் நிலம் வாங்கினேன், என் பழைய கோட்டை மகனிடம் கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். நன்றாக இருந்த நாட்கள் அவை.

அட்டை வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்த வேதக்கோயிலில் அவருக்காக ஜெபம் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதே பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். கொஸ்லந்த ஊரே திரண்டு வந்தது, ஆயிரம் பேர் கண்ணீர் விட்டார்கள் என்று பென்சில் பாட்டுக்கு ஓடியது. போய்ப் பார்த்தால் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பிள்ளைகள். மழைக்காக யாரோ ஒரு ஆட்டுக்குட்டியையும் உள்ளே கட்டியிருந்தார்கள். பழைய கை இன்னும் என்னை விடவில்லை என்று எனக்கே சிரிப்பு வந்தது. தாளைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

“எஸ்தரம்மா எனக்கு எழுதக் கத்துக்கொடுத்தாங்க. நான் பொய் எழுதினேன். அவங்க மழையில என்னோட நடந்தாங்க. ஆறு பேரு வீட்டுக்கு வந்தாங்க.” அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர் கம்பை ஊன்றி எழுந்தார். ஹாலிஎலவிலிருந்து அந்தக் காலோடு வந்திருந்த ராக்கன்.

“ஆமாங்க” என்றார். “வந்தோம்.”

எஸ்தரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இங்கிலீஷ் பாதி மறந்துவிட்டது. ஒரு பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணால் பார்க்காததை நடந்ததென்று சொல்ல வாயெடுத்தால் உள்ளே ஏதோ ஒன்று தடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன் பழைய தோட்டத்துக்குப் போனேன். அந்த ஆறு பேரில் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் பத்தொன்பது பேர் அங்கே இருக்கிறார்கள். லயம் லயமாக நடந்து, ஒவ்வொருவரையும் பார்த்து எண்ணினேன். எண்ணிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.